கை ஒட்டுகிற பழைய ரப்பர் படகு: மேல்பூச்சு அடிக்கலாமா?

முத்துநகர் மணி (மே 18, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தூத்துக்குடி. போன மாதம் பழைய காற்றடைத்த படகு ஒன்று வாங்கினேன். 3.3 மீட்டர் நீளம், சாம்பல் நிறம், ட்யூபில் மூன்று அறை, பின்பலகை மரம். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடத்தான், தொழிலுக்கு இல்லை.

ட்யூபின் மேல்பக்கம் வெயிலில் வெளுத்துப் போயிருக்கிறது. உட்காரும் இடத்தில் தொட்டால் கை லேசாக ஒட்டுகிறது. உட்கார்ந்து எழுந்தால் லுங்கியில் சாம்பல் கறை. தண்ணீரில் கிடக்கும் கீழ்ப்பக்கம் மட்டும் புதுசு மாதிரி இருக்கிறது. இது போக, இரவு அடித்துவைத்த காற்று காலையில் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறி பெயின்ட் வேலை நடக்கிறது. அங்கே வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், "இதுக்கா யோசிக்கிறே? மிச்சம் கிடக்கிற எனாமலை ரெண்டு கோட் இழுத்துவிட்டா பளபளன்னு ஆயிடும், காத்தும் நிக்கும்" என்கிறார். கூலியே வேண்டாமாம், டீ வாங்கித் தந்தால் போதுமாம். ஆசையாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இங்கே கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்தேன்.

பழவேற்காடு பாபு (மே 18, இரவு 10.05)

மணி, அந்த டீயை நீங்களே குடித்துவிடுங்கள். எனாமல் வேண்டாம்.

நான் செய்து பட்டவன். மஞ்சள் எனாமல், இரண்டு கோட். முதல் நாள் பார்க்கக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. காற்றை இறக்கிச் சுருட்டி வண்டியில் ஏற்றினேன். ஏரிக்கரையில் விரித்தால் மடித்த இடமெல்லாம் அப்பளம் மாதிரி வெடித்திருந்தது. அதைவிட மோசம், வெடிக்காத இடம். அது காயவே இல்லை. ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் ஆகியும் விரலை வைத்தால் ரேகை பதியும். மணல், கொசு, காக்காய் இறகு எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு காட்சியளித்தன. வெறுத்துப்போய் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். பெயின்டோடு ட்யூபின் மேல்தோலும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

இப்போது அந்தப் படகு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக இருக்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

வண்ணக்கலவை (மே 18, இரவு 10.50)

பாபு அண்ணன் சொன்னது ஏன் நடந்தது என்று சொல்கிறேன். பெயின்ட் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், இது என் அன்றாடத் தலைவலி.

பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதுதான். அதைப் படகுத் துணியில் பூசுகிற அளவுக்கு மெதுவாக்க, பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் மாதிரியான பொருளைச் சேர்க்கிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அதுவாக இருக்கும். அது பி.வி.சி.யோடு ரசாயனமாகக் கட்டுப்பட்டதல்ல, உள்ளே ஊறித்தான் இருக்கிறது. ஊறுகாய் எண்ணெய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலும் சூடும் பட்டால் மெல்ல மேலே கசியும். மணி தொட்டபோது கையில் ஒட்டியது பெரும்பாலும் இதுதான்.

எனாமலை அதன்மேல் அடித்தால், இந்த எண்ணெய் பெயின்டுக்குள் ஏறிவிடும். எந்தப் பொருள் பி.வி.சி.யை மெதுவாக்கியதோ, அதே பொருள் பெயின்டையும் மெதுவாக்கும். அதனால்தான் காயவில்லை. எனாமலைக் குறை சொல்லிப் பயனில்லை. இரும்புக்கும் மரத்துக்கும் செய்ததை இதில் அடித்தால் அது என்ன செய்யும்?

ஆனால் மணியின் படகு பி.வி.சி.தானா என்று முதலில் தெரிய வேண்டும்.

சாரங்கு தாத்தா (மே 19, காலை 5.30)

அந்தக் கடைசி வரிதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். கப்பலில் முப்பது வருஷம், அப்புறம் உயிர்காப்புத் தெப்பங்களைச் சோதிக்கும் இடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். கப்பலில் இருக்கும் காற்றடைக்கும் தெப்பத்தை வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து, ஊதி, சோதித்து, மறுபடி மடித்து வைக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே நான் கற்றது ஒன்றே ஒன்று: டின்னைத் திறக்கும் முன் துணி என்ன ஜாதி என்று பார்.

"ரப்பர் போட்" என்று எல்லோரும் பொதுவாகச் சொல்கிறோம். அதில் இரண்டு ரகம். ஒன்று பி.வி.சி. இன்னொன்று நிஜமான செயற்கை ரப்பர், ஹைப்பலான் என்பார்கள். ஹைப்பலான் என்பது டுபாண்ட் வைத்த வியாபாரப் பெயர். அவர்கள் 2010-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதே ரசாயனத்தை வேறு ஆட்கள் செய்கிறார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கண்டுபிடிக்க மூன்று வழி சொல்கிறேன். வால்வைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார். பி.வி.சி. என்றால் பெரும்பாலும் உள்பக்கமும் வெளிப்பக்கம் மாதிரியே வழவழப்பாக இருக்கும். ஹைப்பலான் என்றால் உள்ளே நியோப்ரீன் என்ற வேறொரு செயற்கை ரப்பர், மங்கலாக, வேறு நிறத்தில் இருக்கும். அடுத்து, கண்ணில் படாத மூலையில் உப்புத்தாளால் நாலு இழுப்பு. ஹைப்பலான் என்றால் அழிரப்பர் மாதிரி தூளாக உதிரும், மங்கிப் போகும். பி.வி.சி. அப்படி உதிராது, வழுக்கும், கீறல் விழும். இரண்டிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் எம்.ஈ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) கரைப்பானை ஒரு சொட்டு, அதே மூலையில், துணியில் தொட்டு வை. சில விநாடியில் ஒட்டினால் பி.வி.சி.

இதைச் செய்துவிட்டு வா தம்பி.

ஒகேனக்கல் காரன் (மே 19, காலை 8.15)

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பரிசலுக்குத் தார் காய்ச்சிப் பூசுகிறோம். வருஷக்கணக்காகத் தண்ணீர் புகாமல் நிற்கிறது. இதற்கும் அதையே பூசினால் என்ன?

சாரங்கு தாத்தா (மே 19, காலை 8.40)

பரிசல் மூங்கில் கூடு தம்பி. வடிவத்தை மூங்கில் பிடித்துக்கொள்கிறது, தார் தண்ணீரை மட்டும் நிறுத்தினால் போதும். இதில் வடிவமே காற்றுதான். மடிக்க வேண்டும், சுருட்ட வேண்டும். தாரில் உள்ள எண்ணெய் பி.வி.சி.க்குள் ஊறும். கறுப்பு என்பதால் வெயிலை வேறு குடிக்கும். படகுக்கு ஆகாது, பரிசலுக்கு அதை மிஞ்சியது கிடையாது.

முத்துநகர் மணி (மே 21, இரவு 8.20)

மூன்று சோதனையும் செய்தேன். வால்வுக்குள் பார்த்தால் உள்ளேயும் அதே சாம்பல், அதே வழவழப்பு. உப்புத்தாளில் தூள் வரவில்லை. எம்.ஈ.கே. தொட்ட இடம் ஐந்து விநாடியில் பிசுபிசுத்தது. பி.வி.சி.

வருத்தம் என்னவென்றால், விற்றவர் படகோடு சேர்த்து ஒரு டின் கொடுத்திருந்தார். அதில் ஹைப்பலானுக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நான் அதைத்தான் அடிப்பதாக இருந்தேன். அவரும் யாரிடமோ படகோடு சேர்த்து அதையும் வாங்கியிருப்பார் போல.

வண்ணக்கலவை (மே 21, இரவு 9.00)

அந்த டின்னை விட்டுவிடுங்கள். பி.வி.சி.யில் பிடிக்காது, சில நாளில் தகடாக உரியும்.

இப்போது முக்கியமான கேள்வி. அந்த ஒட்டல் எவ்வளவு ஆழம்? சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டு, ஒட்டுகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி இழுங்கள். மேல்தோல் உருண்டு வந்தாலோ, நெசவு நூல் தெரிந்தாலோ அந்தத் துணி செத்துவிட்டது. அதற்கு மேல் எதைப் பூசினாலும் பிணத்துக்குச் சந்தனம்தான். நகம் வழுக்கிப் போனால் இன்னும் உயிர் இருக்கிறது.

முத்துநகர் மணி (மே 22, காலை 7.10)

வழுக்குகிறது! கழுவிய பிறகு ஒட்டலும் பாதி குறைந்துவிட்டது. பின்பலகைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் சந்தேகம்.

ஸ்கார்பரோ தூண்டில் (மே 22, காலை 7.45)

வணக்கம் மணி. நான் வல்வெட்டித்துறை, இப்ப கனடா. எல்லோரும் பூச்சைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் சட்டையைப் பற்றிச் சொல்கிறேன்.

என்னுடைய படகும் பி.வி.சி. ஒன்டாரியோ ஏரியில் ஓடுகிறது. ட்யூபுக்கு அளவெடுத்து அக்ரிலிக் துணியில் சட்டை தைத்துப் போட்டிருக்கிறேன். கூடாரத்துக்கும் பாய்மர உறைக்கும் போடுகிற துணி. கைப்பிடி, வால்வு வருகிற இடத்தில் ஓட்டை விட்டு, ஓரத்தில் நாடா வைத்து மனிசி தைத்துத் தந்தவ. வெயில் துணியில்தான் விழும், ட்யூபில் இல்லை. துணி பழுதானால் கழற்றி எறிந்துவிட்டு வேறு தைக்கலாம். பூச்சு பழுதானால் என்ன செய்வீர்கள் அண்ணை?

சாரங்கு தாத்தா (மே 22, காலை 9.20)

சட்டை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏரி வேறு, கடல் வேறு. உங்களுடையது நல்ல தண்ணீர். இங்கே சட்டைக்கும் ட்யூபுக்கும் நடுவே உப்புத் தண்ணீரும் மணலும் புகுந்து உட்காரும். அலைக்கு அலை அசையும்போது அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவுகிறவனுக்குச் சட்டை சரி. ஞாயிற்றுக்கிழமை மாலை களைத்துப்போய் வருகிறவன் கழற்றுவானா?

ஸ்கார்பரோ தூண்டில் (மே 22, காலை 9.50)

நான் கழற்றுவேன். 😀 ஆனால் மணல்கரையில் இழுக்கிற படகுக்கு நீங்கள் சொல்வது நியாயம். அப்படியானால் கரையில் நிற்கும்போது மட்டும் ஒரு உறை போடட்டும். படகு கடலில் இருக்கிற நேரத்தைவிட முற்றத்தில் கிடக்கிற நேரம்தானே கூட.

சாரங்கு தாத்தா (மே 22, காலை 10.00)

அதை ஒப்புக்கொள்கிறேன். பூச்சு அடித்தாலும் அடிக்காவிட்டாலும் உறை கட்டாயம். நீலத் தார்ப்பாயை நேராக ட்யூபின் மேல் போர்த்தாதே மணி, புழுங்கும். நாலு கம்பு நட்டு, காற்று போக இடம் விட்டுக் கட்டு.

காற்று இறங்குகிறது என்றாயே, அதையும் இப்போதே பார். பூச்சு ஓட்டையை அடைக்கும் என்று அந்த எனாமல் அண்ணன் சொன்னதை மறந்துவிடு. சோப்பு நுரையை முதலில் வால்வில், அப்புறம் தையலில், அப்புறம் பின்பலகை ஒட்டு ஓரத்தில் பூசிப் பார்.

முத்துநகர் மணி (மே 24, மாலை 6.30)

வால்வுதான். நடு அறையின் வால்வு ஓரத்தில் கடுகு கடுகாக நுரை வந்துகொண்டே இருந்தது. வால்வு சாவி கடன் வாங்கி கால் சுற்று இறுக்கினேன். மறுநாள் காலை காற்று அப்படியே நிற்கிறது. இந்தக் கால் சுற்றுக்காக ட்யூப் முழுக்கப் பெயின்ட் அடிக்க இருந்தேன்.

இனி பூச்சு. எது வாங்குவது? கடையில் ஸ்ப்ரே, டின், இரண்டு டின் கலக்குவது என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

வண்ணக்கலவை (மே 24, இரவு 9.30)

சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்ப்ரே என்பது தோலுக்கு வெயில் கிரீம் மாதிரி. 303 என்ற பெயரில் விற்பது போன்றவை இந்த ரகம். துடைத்துவிட்டால் போதும், ஆனால் மாதம் ஒரு தடவை மறுபடி அடிக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள படகுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. உங்கள் படகு அந்த நிலையைத் தாண்டிவிட்டது.

இரண்டு டின் கலக்கும் பாலியூரிதேன் உறுதியானது, ஆனால் கலந்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். ஒரே டின்னில் வரும் நெகிழும் பாலியூரிதேன், டின்னிலேயே பி.வி.சி. படகுக்கு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். இது காற்றில் உள்ள ஈரத்தை வாங்கிக் கெட்டியாகும் ரகம்.

அளவு: ட்யூப் விட்டம் என்ன?

முத்துநகர் மணி (மே 24, இரவு 9.45)

43 சென்டிமீட்டர் அக்கா. மூக்கிலிருந்து வால் வரை சுற்றி அளந்தால் ட்யூப் மொத்தம் ஏழரை மீட்டர்.

வண்ணக்கலவை (மே 24, இரவு 10.00)

சுற்றளவு 1.35 மீட்டர், ஆக மொத்தப் பரப்பு 10 சதுர மீட்டர். தரையில் உரசும் அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள், அங்கே வெயில் படுவதில்லை, பூச்சும் நிற்காது. மிச்சம் 7. மெல்லிய கோட் ஒன்றுக்கு சதுர மீட்டருக்கு 100 மில்லி என்று வைத்தால், ஒரு கோட்டுக்கு 700 மில்லி. மூன்று கோட். இரண்டேகால் லிட்டர் வாங்கினால் உருளை குடிப்பதற்கும் சேர்த்துச் சரியாக இருக்கும்.

நிறம் வெளிர் சாம்பலிலேயே இருங்கள். கறுப்பும் கருநீலமும் அழகுதான், ஆனால் சூடு. 28 டிகிரியில் 0.25 பார் அழுத்தத்துக்குக் காற்று அடித்த ட்யூப், உள்காற்று 50 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 0.34 பார் ஆகிவிடும். தூத்துக்குடி வெயிலில் 50 ஒன்றும் பெரிய விஷயமில்லை.

முத்துநகர் மணி (ஜூன் 9, இரவு 7.50)

டின் வந்துவிட்டது. வந்த அன்றே கை பரபரத்து, பின்பலகைப் பக்கம் ஒரு சாண் இடத்தில் மட்டும் சோதனை அடித்தேன். அடித்த நிமிஷம் நன்றாக இருந்தது. இரண்டு நிமிஷத்தில் பெயின்ட் விலகி விலகி வட்ட வட்டமாகக் குழி விழுந்துவிட்டது. நடுவில் பழைய சாம்பல் தெரிகிறது, சுற்றிலும் கரை கட்டி நிற்கிறது. பார்க்க மீன் கண் மாதிரி இருக்கிறது. இத்தனைக்கும் சோப்பு போட்டுக் கழுவி, உப்புத்தாள் தேய்த்து, தின்னர் வைத்துத் துடைத்துவிட்டுத்தான் அடித்தேன்.

வண்ணக்கலவை (ஜூன் 9, இரவு 8.05)

எங்கள் தொழிலிலும் அதன் பெயர் மீன் கண்தான்! அது சிலிக்கான். விற்றவரிடம் ஒரு விஷயம் கேளுங்கள்: படகு பளபளக்க என்ன தடவினார்?

முத்துநகர் மணி (ஜூன் 10, காலை 10.15)

போன் போட்டுக் கேட்டேன். கார் டேஷ்போர்டுக்குத் தடவும் பாலிஷாம். "வாராவாரம் தடவுவேன் சார், பிள்ளை மாதிரி வைத்திருந்தேன்" என்றார் பெருமையாக.

சாரங்கு தாத்தா (ஜூன் 10, காலை 11.00)

பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறார். அந்தப் பாலிஷில் சிலிக்கான் எண்ணெய் இருக்கும். அதன்மேல் பெயின்டும் நிற்காது, நாளைக்கு பஞ்சர் ஆனால் ஒட்டுத்துண்டும் நிற்காது.

நீ செய்த தப்பு வரிசையில் இருக்கிறது. உப்புத்தாளை முன்னாலும் துடைப்பதைப் பின்னாலும் வைத்துவிட்டாய். அழுக்கும் சிலிக்கானும் மேலே இருக்கும்போது தேய்த்தால், கீறலுக்குள் அதையே அமுக்கிவிடுகிறாய். முதலில் துடை. பெயின்ட் கடைத் தின்னரைத் தூக்கி வை, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

எந்தத் துணியில் துடைத்தாய்?

முத்துநகர் மணி (ஜூன் 10, காலை 11.10)

பனியன் வேஸ்ட் தாத்தா. ஒரே துணிதான்... கலர்த் துணி.

சாரங்கு தாத்தா (ஜூன் 10, மதியம் 12.30)

நினைத்தேன். கலர் பனியன் வேஸ்டில் கரைப்பான் பட்டால் சாயம் இறங்கும். ஒரே துணி என்றால் ஓரிடத்துச் சிலிக்கானை எடுத்து அடுத்த இடத்தில் பூசிக்கொண்டு போயிருக்கிறாய்.

வெள்ளைப் பருத்தித் துணி, கிழித்த பழைய வேட்டி இருந்தால் நல்லது, கைக்குட்டை அளவில் ஐம்பது அறுபது துண்டு. வலது கையில் எம்.ஈ.கே. நனைத்த துண்டு, இடது கையில் உலர்ந்த துண்டு. வலது ஒரு முழம் துடைக்கும், காயும் முன் இடது பின்னாலேயே வந்து வழிக்கும். இரண்டு முழத்துக்கு ஒரு தடவை இரண்டையும் தூக்கிப் போடு. டப்பாவுக்குள் துணியை முக்காதே, துணியின் மேல் ஊற்று. ஒரே இடத்தில் நின்று தேய்க்காதே, பி.வி.சி. இளகிவிடும். தொட்டோம், வழித்தோம், நகர்ந்தோம் என்று இருக்க வேண்டும். முழுப் படகும் ஒரு சுற்று. மறுநாள் இன்னொரு சுற்று. துண்டில் சாம்பல் வருவது குறையும்.

அப்புறம் தண்ணீர் தெளித்துப் பார். தாமரை இலை மாதிரி முத்து முத்தாக நின்றால் இன்னும் சிலிக்கான் இருக்கிறது. ஒரே படலமாக விரிந்து வழிந்தால் சுத்தம். அதற்குப் பிறகுதான் தேய்ப்பு. உப்புத்தாள்கூட வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும். பளபளப்பு போனால் சரி. தேய்த்த தூளைக் கடைசியாக ஒரு தடவை துடை.

எம்.ஈ.கே. பெட்ரோல் மாதிரி பற்றும். பக்கத்தில் பீடி, அடுப்பு, சுவிட்ச் எதுவும் கூடாது. உபயோகித்த துணியை வெட்டவெளியில் விரித்துக் காயவை. குவித்து மூலையில் போடாதே.

பழவேற்காடு பாபு (ஜூன் 10, மதியம் 1.00)

அறுபது துண்டு வேட்டியா! இதைக் கேட்டபோதே எனக்கு எனாமல் எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. 😂

முத்துநகர் மணி (ஜூன் 19, இரவு 8.45)

மூன்று சுற்று ஆனது. 74 துண்டு. முதல் சுற்றில் துணி கரித்துணி மாதிரி வந்தது. இரண்டாவதில் வெளிர் சாம்பல். மூன்றாவதில் ஏறக்குறைய வெள்ளை. அப்போதும் வலது பக்க ட்யூபில் கைப்பிடிக்குக் கீழே ஒரு ஜாண் இடத்தில் மட்டும் தண்ணீர் முத்தாகவே நின்றது. அங்கே நாலாவது தடவை துடைத்ததும் முத்து உடைந்து சரசரவென்று கீழே விரிந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தை வீட்டில் சொன்னேன், யாருக்கும் புரியவில்லை.

சோதனை அடித்த இடத்தில் மறுபடி அடித்துப் பார்த்தேன். கண் விழவில்லை.

எங்கே வைத்து அடிப்பது? மாமாவின் உப்புக் குடோன் காலியாக இருக்கிறது, நல்ல நிழல்.

வண்ணக்கலவை (ஜூன் 19, இரவு 9.10)

உப்புக் குடோனா! வேண்டாம் மணி. உப்புத்தூள் ட்யூபில் படிந்தால் அதுவே காற்றின் ஈரத்தை இழுத்து, பூச்சுக்கு அடியில் கொப்புளம் போடும். வேறு நிழல் பாருங்கள். நேர் வெயிலும் வேண்டாம், மேல்தோல் முதலில் காய்ந்து உள்ளே கரைப்பான் மாட்டிக்கொள்ளும்.

ஈரம் கெட்டியாக்கும் பூச்சுதானே, ஈரம் அதிகமாக இருந்தால் சீக்கிரம் காயுமே என்று நினைக்காதீர்கள். அந்த வினையில் கரியமில வாயு வெளிவரும். மெதுவாக நடந்தால் தானாக வெளியேறிவிடும். ஈரமும் தடிமனும் அதிகமானால் வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே குமிழியாக நின்றுவிடும். அதனால்தான் மெல்லிய கோட் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நூறு ரூபாய்க்கு ஈரமானி கிடைத்தால் ஒன்று வாங்கித் தொங்கவிடுங்கள். 65 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நேரம் பார்த்து அடியுங்கள்.

பூச்சில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலுக்கு ஆகாத ரசாயனம் இருக்கும். துணி முகக்கவசம் அதற்கு ஆகாது, கரி வடிகட்டி வைத்த கவசம் வேண்டும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் வரக்கூடாது. இதில் விளையாட்டு வேண்டாம்.

சாரங்கு தாத்தா (ஜூன் 20, காலை 5.45)

இப்போது மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று வீசும் காலம். உங்கள் ஊரில் மதியத்துக்கு மேல் தரைப்பக்கமிருந்து வறட்டுக் காற்று வரும். காலையில் ஈரம் இருக்கும், அடிக்காதே. ஆனால் அந்தக் காற்று புழுதியையும் கூட்டிவரும், மேற்குப் பக்கம் ஒரு சேலையோ தார்ப்பாயோ கட்டிக்கொள். தரையில் தண்ணீர் தெளித்துவிடாதே, புழுதி அடங்கும் என்று ஈரத்தைக் கூட்டிவிடுவாய்.

படகை முழு அழுத்தத்தில் ஊதி வைத்து அடி, 0.25 பார். மூன்று அறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி ஊது, ஒன்றை மட்டும் நிரப்பினால் உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர் ஒரு பக்கமாகப் பிதுங்கும். தொய்வாக வைத்துப் பூசிவிட்டு அப்புறம் ஊதினால் பூச்சு இழுபட்டு வெடிக்கும். வால்வு, எத்தனை பேர் ஏறலாம் என்று போட்டிருக்கும் தகடு, வரிசை எண் எல்லாவற்றையும் டேப் போட்டு மூடு. கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும், முழுக்கக் கெட்டியாகும் முன் டேப்பை எடு. விட்டால் ஓரம் கிழியும்.

முத்துநகர் மணி (ஜூன் 24, இரவு 10.20)

முடிந்தது. முழு விவரம்.

பக்கத்து வீட்டுக் கார் ஷெட், இரண்டு பக்கம் திறப்பு. மதியம் 2 மணிக்கு ஈரமானி 58 காட்டியது. குட்டி ஸ்பாஞ்ச் உருளை. முதல் கோட் மூக்கிலிருந்து ஆரம்பித்தேன். மூக்கில் கொஞ்சம் தாராளமாக இழுத்துவிட்டேன் போல, அங்கே இரண்டு இடத்தில் ஊசிமுனைக் குமிழி நின்றது. அக்கா சொன்னது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு உருளையை ஓரத்தில் வழித்து, கிட்டத்தட்டக் காய்ந்த உருளையால் பூசுவது மாதிரி இழுத்தேன். பழைய நிறம் அடியில் தெரிந்தது, பயமாக இருந்தது, விட்டுவிட்டேன். மறுநாள் மதியம் பச்சை நாரால் லேசாகத் தடவி இரண்டாவது. அதற்கு மறுநாள் மூன்றாவது. மூன்றாவது கோட்டில்தான் நிறம் சேர்ந்தது.

இரண்டு கொசு, ஒரு எறும்பு, மேற்குக் காற்றில் வந்த வேப்பம்பூ ஒன்று உள்ளே நிரந்தரமாகக் குடியேறிவிட்டன.

மதியம் ஒன்றரை மணிக்கு ட்யூப் கல் மாதிரி விறைத்துக்கொண்டது. கேஜ் வைத்தால் 0.31. கொஞ்சம் காற்றை விட்டேன். மாலையில் தொய்ந்தது, மறுபடி ஊதினேன். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி நாள் முழுக்க இதே வேலை.

சாரங்கு தாத்தா (ஜூன் 25, காலை 5.30)

ஒரு வாரம் ஊதியபடியே விடு. சுருட்டும் முன் முழுக்க டால்கம் பவுடர் தூவு, புதுப் பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. முடிந்தால் இந்த வருஷம் சுருட்டவே சுருட்டாதே.

ஸ்கார்பரோ தூண்டில் (ஜூன் 25, காலை 6.15)

வடிவாக வந்திருக்குது போல. உறை?

முத்துநகர் மணி (ஜூன் 25, காலை 7.00)

நாலு கம்பு நட்டாச்சு அண்ணா. தார்ப்பாய் ட்யூபைத் தொடவில்லை. 🙂

முத்துநகர் மணி (செப்டம்பர் 14, இரவு 9.15)

பத்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டியாகிவிட்டது. நிலவரம் சொல்கிறேன்.

உட்காரும் இடம் நன்றாக இருக்கிறது, ஒட்டல் இல்லை. மேல்பக்கம் நிறம் அப்படியே. ஆனால் சுற்றிலும் ஓடுகிற பிடிகயிறு ட்யூபில் உரசும் இடத்தில், இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குப் பூச்சு தேய்ந்து பழைய துணி தெரிகிறது. நைலான் கயிறு, உப்பு ஏறி ரம்பம் மாதிரி ஆகிவிட்டது. பெட்ரோல் டியூப் மாட்டும் இடத்தில் எப்போதோ சொட்டியிருக்கிறது, அங்கே எட்டணா நாணயம் அளவுக்குப் பூச்சு சுருங்கி நிற்கிறது. முதலில் சந்தேகப்பட்ட அந்த உள்ளங்கை இடம்தான் ஆச்சரியம், அங்கே ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈரமாக இருக்கும்போது வழுக்குகிறது. பழைய வெளுத்த ட்யூபில் ஓரமாக உட்கார்ந்து மீன் இழுப்பேன். இப்போது அப்படி உட்கார்ந்து ஒரு ஊளியை இழுத்தபோது நானும் ஊளியும் ஒரே நேரத்தில் இடம் மாறப் பார்த்தோம்.

சாரங்கு தாத்தா (செப்டம்பர் 15, காலை 5.40)

கயிறு உரசும் இடத்தில் பூச்சு எதுவும் நிற்காது. அங்கே பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, பி.வி.சி. துணியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டி, பி.வி.சி. பசையால் ஒட்டு. பூச்சின் மேலேயே ஒட்டாதே, பசை பூச்சைத்தான் பிடிக்கும், துணியைப் பிடிக்காது. கயிற்றை வாராவாரம் நல்ல தண்ணீரில் அலசு.

வழுக்கலுக்கு உட்காரும் இடத்தில் மட்டும் அதே மாதிரி சொரசொரப்பான பட்டை ஒன்று ஒட்டிக்கொள். மணலைத் தூவிப் பூச்சு அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, வெறும் காலோடு உட்காருகிறவன் நீ.

பழவேற்காடு பாபு (செப்டம்பர் 15, காலை 8.30)

மணி, நானும் ஒரு பழைய பி.வி.சி. படகு பார்த்து வைத்திருக்கிறேன். டின்னில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா? சோதனைக்குக் கால் லிட்டர் போதும். வேட்டித் துண்டு நானே கிழித்துக்கொள்கிறேன்.

முத்துநகர் மணி (செப்டம்பர் 15, இரவு 7.20)

கால் லிட்டருக்கு மேலேயே இருந்தது அண்ணே. நீங்கள் கேட்டதும் போய்த் திறந்தேன். மூடி சரியாக அமுங்கவில்லை போலிருக்கிறது, ஈரம் போய் மேலே தடித் தோல் கட்டிவிட்டது. குச்சியால் குத்தினால் அடிவரை இட்லி மாதிரி இருக்கிறது. புது டின்தான் வாங்க வேண்டும். ஹைப்பலான் டின் மட்டும் அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள்.